1911 வெள்ளி ரூபாய்க்குப் பதிலாக வேறு காசு திரும்பி வந்துள்ளது: விற்றவருக்கு என்ன வழி?

கீழக்கரை_நாணயம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் இருந்தபடி பழைய நாணயங்களை இணையவழியில் விற்று வருகிறேன். கடை என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டு மாடியில் ஒரு மேசையும் ஒரு மின்தராசும் இருக்கின்றன. வாங்குவோரில் பெரும்பாலோர் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். அண்மையில் விற்றவற்றுள் இரண்டு காசுகள் என்னை மிகவும் சோர்வடையச் செய்துவிட்டதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

முதலாவது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். ஒரு விற்பனைத் தளத்தின் வழியாக அதை அனுப்பினேன். வாங்கியவர், ‘படத்தில் உள்ளதைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது’ என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்பினார். உறையைப் பிரித்துப் பார்த்தேன். ஆண்டு 1911 என்றே இருக்கிறது, எடையும் 11.6 கிராமுக்குக் குறையவில்லை. ஆனால் மன்னரின் அங்கியில் உள்ள யானைக்குத் தும்பிக்கை நீண்டு தெளிவாகத் தெரிகிறது. நான் அனுப்பிய காசில் இருந்ததோ, இந்த ரூபாய்க்குப் ‘பன்றி ரூபாய்’ என்ற பெயரை வாங்கித் தந்த அந்தக் குட்டை மூக்கு யானை. தளத்தாரிடம் முறையிட்டபோது, ‘அனுப்பியதும் 1911, திரும்பி வந்ததும் 1911, ஆகவே பொருள் மாறவில்லை’ என்று கூறி, வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

இரண்டாவது, ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு. ஒரு புறம் நிற்கும் மனித உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் உள்ள, நம் பக்கத்தில் எல்லோருக்கும் பழகிய வகை. எங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாக இருந்தது. என்னிடம் இருந்த வரையில் கரும்பச்சை நிறத்தில் நன்றாகவே இருந்த அந்தக் காசில், கோயம்புத்தூருக்குப் போன சில வாரங்களில் வெளிர்பச்சைத் தூள் பூத்துவிட்டதாம். ‘ரசாயனம் பூசிய போலி’ என்று சொல்லிப் பணத்தைக் கேட்கிறார்.

விளம்பரத்திலேயே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று எழுதிவிட்டால் இத்தொல்லைகளிலிருந்து தப்பலாமா?

தொண்டி_சேகரிப்பாளர்

அண்ணே, உங்கள் முறையீட்டை நீங்கள் எழுதிய விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘என் காசை மாற்றிவிட்டார்’ என்று எழுதினால், நாணயம் பற்றி ஒன்றும் அறியாத ஓர் ஊழியர் ஆண்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடுவார். ‘திரும்பி வந்திருப்பது 1911ஆம் ஆண்டுக் காசே அல்ல’ என்று எழுதுங்கள். அதை நீங்கள் மெய்ப்பிக்கவும் முடியும்.

1911இல் அச்சான வெள்ளி ரூபாய்கள் ஏறத்தாழ 94 லட்சம். அவற்றுள் சுமார் 7 லட்சம் மட்டுமே புழக்கத்துக்கு வந்திருந்த நிலையில், அங்கியில் இருப்பது யானையா பன்றியா என்ற சலசலப்பு எழுந்ததால், எஞ்சியவற்றை அரசு நிறுத்திவைத்து உருக்கிவிட்டது. தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி திருத்திய அச்சு 1912இல்தான் வந்தது. ஆகவே திருத்திய யானையும் 1911 என்ற ஆண்டும் ஒரே காசில் சேர்ந்திருந்தால், அது 1912ஆம் ஆண்டுக் காசின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி ஒன்றாக்கியதாகவோ முழுப் போலியாகவோதான் இருக்க முடியும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் அந்த இலக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் காசின் பரப்பு சற்றுப் பள்ளமாகவும், மற்ற இடங்களில் இல்லாத நுண்கோடுகளோடும் இருக்கும். எடையைப் பற்றி முறையீட்டில் ஒரு வரியும் எழுத வேண்டாம். இரண்டு ஆண்டுகளின் காசுகளும் 11.66 கிராம் எடையும் 91.7 விழுக்காடு வெள்ளியும் கொண்டவை என்பதால் அது உங்களுக்குத் துணை நிற்காது. தேவையில்லாமல் எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி கிடைக்கும்.

உங்கள் விளம்பரப் படங்கள் அதே காசை எடுத்தவைதாம் என்றால், அவற்றில் யானை இருக்கும் பகுதியைப் பெரிதாக்கி, திரும்பி வந்த காசின் அதே பகுதியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையுங்கள். அதனுடன் வேறொரு தழும்பையும் காட்டுங்கள். நூறாண்டு கைமாறிய காசு ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய ஒரு கீறலோ, விளிம்பில் ஒரு நசுங்கலோ இருக்கும். இரண்டு காசுகளில் அது ஒரே இடத்தில் அமையாது.

இனி அனுப்பும்போது நடுவே ஒளிபுகும் படலம் உள்ள அட்டை ஹோல்டரில் காசை வைத்து, ஸ்டேப்ளர் பின்களின் மேல் பிரித்தால் கிழிந்துபோகும் ஒட்டுத்தாளை ஒட்டி, அதில் உங்கள் கையொப்பம் பாதி தாளிலும் பாதி அட்டையிலும் விழும்படி இடுங்கள். ‘ஒட்டுத்தாள் கிழிந்திருந்தால் திரும்பப் பெற இயலாது’ என்று முன்கூட்டியே எழுதிவிடுவது எல்லோருக்கும் நல்லது. அட்டையைப் பிரிக்காமலேயே இருபுறமும் பார்க்கலாம் என்பதால் வாங்குபவருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. திரும்பி வரும் உறையை முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி இடைவெட்டு இல்லாமல் படம்பிடித்தபடியே பிரியுங்கள். இதைச் செய்யச் சலிப்பாகத்தான் இருக்கும். ஐந்நூறு ரூபாய்க் காசுக்கு நானும் செய்வதில்லை.

மண்டபம்_வாசகி

நான் வாங்கும் தரப்பைச் சேர்ந்தவள். இங்கே எழுதும் விற்பனையாளர்கள் அனைவரும் திருப்பி அனுப்புபவர்களை ஏமாற்றுக்காரர்களாகவே பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் எவ்வளவு அரிது என்பது உங்களுக்குத் தெரியும். ‘நூறு விழுக்காடு அசல்’ என்ற உறுதியோடு ஒருவர் விற்றதை வாங்கினேன். வந்தது 1938ஆம் ஆண்டுக் காசின் எட்டை ஒன்பதாக்கியது. திருப்பி அனுப்பியபோது, நான்தான் மாற்றி அனுப்பிவிட்டேன் என்று அவர் தளத்தில் எழுதினார். உறையைப் பிரித்தபோது நான் படம்பிடிக்கவில்லை; ஒரு காசு வாங்கியதற்குச் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கீழக்கரை ஐயா சொல்வதை நான் ஐயுறவில்லை. ஆனால் அவர் இன்று நிற்கும் இடத்தில் அன்று நான் நின்றேன். அன்று எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் விற்பனையாளர்.

‘படத்தில் உள்ளதைவிடத் தேய்ந்திருக்கிறது’ என்ற காரணத்தைப் பல நேரங்களில் விற்பனையாளர்களே உண்டாக்கிக் கொடுக்கிறார்கள். நேர் எதிரே விளக்கை வைத்துப் படம் எடுத்தால் தேய்ந்த வெள்ளியும் புதிதுபோல் மின்னும். ஒளி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும்போதுதான் மன்னரின் காதோரத்து முடியும் கிரீடத்தின் மணிகளும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பது தெரியும். முன்புறம், பின்புறம் இரண்டோடு விளிம்பையும் ஒரு படம் எடுத்து, எடையையும் விட்டத்தையும் எழுதி, காசு துலக்கப்பட்டதா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால், என்னைப் போன்றவர்கள் திருப்பி அனுப்ப வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. அதை விட்டுவிட்டு ‘மிக அரிது, உடனே முந்துங்கள்’ என்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்த் தாளுக்கு லட்சம் கேட்பவர்களும் அதே சொற்களைத்தான் எழுதுகிறார்கள்.

உச்சிப்புளி_வேதியியல்

செப்புக் காசைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் அதை மட்டும் சொல்கிறேன்.

நம் கடற்கரை மண்ணிலோ ஆற்று முகத்துவாரங்களிலோ நெடுங்காலம் கிடந்த செம்பின் உள்ளே உப்பிலுள்ள குளோரைடு புகுந்துவிடுகிறது. மேலே கரும்பச்சையாக இறுகிப்போன களிம்பு தீங்கற்றது, காசுக்குக் காப்பும் கூட. அதன் அடியில் குப்ரஸ் குளோரைடு என்ற செம்பு உப்பு தங்கியிருந்தால்தான் தொல்லை. ஈரக்காற்று பட்டவுடன் அது வெளிர்பச்சைத் தூளாக மாறுகிறது; அப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது; அந்த அமிலம் எஞ்சிய செம்பை அரித்துப் புதிய குளோரைடை உண்டாக்குவதால், ஒருமுறை தொடங்கிய அரிப்பு தானாகவே தொடர்ந்துகொண்டு போகிறது. இதை வெண்கல நோய் என்று அழைக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். நீங்கள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்திருந்தீர்கள் என்றால், உங்களிடம் நன்றாக இருந்ததும் அங்கே போய்ப் பூத்ததும் வியப்பே இல்லை.

ஆனால் வாங்கியவரிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பச்சை நிறம் பல்குத்தியால் தொட்டால் உதிரும் தூளாக இருக்கிறதா, விரலில் ஒட்டும் பசையாக இருக்கிறதா? பசையாக இருந்தால் அவர் பிவிசி என்ற நெகிழியாலான பைகள் உள்ள ஆல்பத்தில் வைத்திருக்கிறார், குற்றம் ஆல்பத்தினுடையது. தூள் என்றால் உப்பு காசுக்குள்ளேயே இருந்தது. தூள் பூத்ததை வைத்துக் காசு போலி என்று சொல்ல முடியாது. அசல் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் புதிய செம்பையும் உப்பில் புதைத்துப் பச்சையாக்க முடியும்.

காசு உங்களிடம் திரும்பி வந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி வாருங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். பிறகு முற்றிலும் உலர்த்தி, ஈரப்பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வைத்துப் பார்த்தால், மீண்டும் பூக்கிறதா என்பது தெரிந்துவிடும். நம் வீடுகளில் பித்தளைக் குடத்துக்குச் செய்வதுபோல் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். புளி காப்புக் களிம்பைக் கரைத்துவிடும். உப்பு புதிய குளோரைடைச் சேர்க்கும். பிறகு என்ன விலை சொன்னாலும் விவரம் தெரிந்தவர் வாங்கமாட்டார்.

இராமநாதபுரம்_வழக்குரைஞர்

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று எழுதலாம். ஆனால் அது உங்களை முழுமையாகக் காக்காது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பொருள் குறைபாடுடையதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாததாகவோ இருந்தால், தளத்தின் வழியாக விற்பவர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்க முடியாது. ‘மனம் மாறிவிட்டது’ என்று அனுப்புபவரைத்தான் உங்கள் வாசகம் தடுக்கும். இன்னொன்றும் உண்டு: மறுவிற்பனைக்காக வாங்குபவர் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். காசு வணிகத்தில் வாங்குவோரில் பாதிப்பேர் விற்போராகவும் இருப்பதால், இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வெள்ளி ரூபாய் விவகாரம் வேறு வகை. வேண்டுமென்றே மாற்றி அனுப்பியிருந்தால் அது ஏமாற்றுதல். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318ஆம் பிரிவின் கீழ் வரும். தொண்டி நண்பர் கூறியபடி எழுத்து முறையீட்டைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் அனுப்புங்கள். பயனில்லை என்றால் அதே ஆவணங்களோடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவை அணுகுங்கள். திரும்பி வந்த காசை விற்றுவிடாதீர்கள், துலக்கவும் வேண்டாம்.

அதற்கு முன், யாரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். நீங்கள் விற்ற இரண்டு காசுகளும் அந்த எல்லைக்குள் வருகின்றன. தொல்பொருளைத் தொழிலாக விற்பதற்கு உரிமம் வேண்டும் என்று அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுகிறது. உரிமம் இல்லாமல் முறையீடு செய்யப் போனால், முதல் கேள்வி உங்களை நோக்கியே வரும். செப்புக் காசுகள் விற்கும்போது அவை எப்படிக் கைக்கு வந்தன என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழகன்குளத்தில் தொல்லியல் துறை அகழாய்வு செய்து ரோமானியக் காசுகளை எடுத்த பிறகு, அந்தப் பக்கத்துக் காசு என்றாலே அதிகாரிகளின் கவனம் கூடுதலாக இருக்கும். மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

கீழக்கரை_நாணயம்

அனைவருக்கும் நன்றி. உருப்பெருக்கியில் பார்த்தேன், கடைசி ஒன்றின் அடிப்பகுதியைச் சுற்றி நுண்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, வலப்புறப் பரப்பும் பள்ளமாக இருக்கிறது. அந்தப் படங்களோடு புதிய முறையீட்டை எழுதிவிட்டேன். உரிமம் என்னிடம் இருக்கிறது, வழக்குரைஞர் ஐயா. அதன் நகலையும் இணைக்கிறேன். கோயம்புத்தூர்க்காரரின் காசில் இருப்பது உதிரும் தூள்தான் என்று உறுதியானது. அவருக்குப் பணத்தை அனுப்பிவிட்டுக் காசைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு ஐயம். துபாயில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர், அடுத்த வெள்ளி ரூபாயைத் தனக்கே அனுப்பும்படி கேட்கிறார். காசு அசலா என்று சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனத்தின் முத்திரையிட்ட பெட்டியில் அடைத்து வாங்கினால் இந்த மாற்றுவேலை நடக்காது என்று சொல்லி, வழியில் அமெரிக்காவில் உள்ள அத்தகைய நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பவும் யோசனை கூறுகிறார். செய்யலாமா?

இராமநாதபுரம்_வழக்குரைஞர்

நூறாண்டு கடந்தது என்றால் இரண்டுமே கூடாது. அரசோ அரசு அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு எவரும் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்பது அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு. விடுமுறைக்கு ஊருக்கு வருபவரின் பெட்டியில் வைத்து அனுப்புவதும் அதில் அடங்கும். 1938, 1940 போன்ற காசுகளுக்கு இன்னும் அந்தத் தடை வரவில்லை. ஆனால் எல்லை ஆண்டுதோறும் ஓர் ஆண்டு நகர்ந்துகொண்டே வருவதால், அனுப்பும் நாளில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.