மாதச் சந்தாவா, ஒரே தடவை காசா?

கேள்வி: வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்குச் சந்தா மாதம் 14.99 டாலர், வருடத்துக்கு 180 டாலர் பக்கம் வருகிறது, அந்தக் காசுக்குத் தனியாக ஆடும் ஆர்பிஜி (கதையில் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு) மூன்றையாவது வாங்கிவிடலாம். எதை எடுக்கலாம்?

பதில் 1: விட்சர் 3. 2015-இல் வந்தது, தள்ளுபடியில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், நினைத்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். வார்கிராஃப்டில் பலர் சேர்ந்து பெரிய எதிரியோடு மோதும் ரெய்டில் அது நடக்காது. குழந்தை அழுகிறதே என்று நான் பாதியில் எழுந்து போக, மொத்தக் கூட்டமும் செத்து, அன்றைக்கு கில்டில் (சேர்ந்து ஆடும் குழு) வாங்கிய திட்டு இருக்கிறதே!

பதில் 2: திட்டுவதற்கு நாலு பேர் இருப்பதுதானே சுகம்? நான் ஆட்டத்தை விட்டு வருடங்கள் ஆகியும் கில்ட் நண்பர்களோடு இன்னும் பேசுகிறேன். சந்தா உறுத்தினால் அதே மாதிரி பலரோடு ஆடும் கில்ட் வார்ஸ் 2 இருக்கிறது, மாதக் கட்டணமே கிடையாது. அந்த வகையிலேயே ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ லெவல் 70 வரை இலவசமாக ஆடலாம், ஆனால் ஒரு தடவை காசு கட்டிவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி இலவசத்துக்குத் திரும்பாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: சரி, முதலில் ஓசி. விட்சருக்குத் தள்ளுபடி வரட்டும்.