எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளரின் பயிற்சித் தேவை: ‘மதிப்பீடு’ என்னும் சொல் போதுமா?

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிவரும் நண்பர் இந்த மடல் இழையில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எச்.ஐ.வி. தடுப்பில் பணியாற்றுவோர்க்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்பதைப் பயிற்சியைத் திட்டமிடும் முன்பே முறையாக அறிந்துகொள்ளும் செயலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? ‘பயிற்சித் தேவை மதிப்பீடு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று மூவர் எழுதிவிட்டனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சற்று நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடர் கையேட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் இயல் பயிற்சிக்கு முன் செய்ய வேண்டியதைப் பேசுகிறது. கடைசி இயல், நடந்த பயிற்சியால் பயன் விளைந்ததா என்று பார்ப்பதைப் பேசுகிறது. நண்பரின் வரைவில் முன்னது ‘பயிற்சித் தேவை மதிப்பீடு’, பின்னது ‘பயிற்சி மதிப்பீடு’. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ‘தேவை’ என்ற ஒரு சொல். விரைந்து படிப்பவர் கண்ணில் அது தங்குவதே இல்லை. போதாக்குறைக்கு, செலவுத் திட்டம் போடுபவர்களுக்கு மதிப்பீடு என்றால் தொகைதான்.

> முன்மதிப்பீடு, பின்மதிப்பீடு என்று பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

தீரவில்லை. பயிற்சியின் முதல் நாள் காலையில் வினாத்தாள் கொடுத்து, பங்கேற்போர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதைப் பயிற்றுநர்கள் முன்மதிப்பீடு என்றே சொல்கிறார்கள். அப்போது பயிற்சியின் பாடத்திட்டம் முடிவாகிவிட்டிருக்கும். நாம் பெயர் தேடுவதோ பாடத்திட்டம் பிறப்பதற்கும் முந்தைய செயலுக்கு.

> ‘தேவைக் கணிப்பு’ சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் கருத்துக்கணிப்பு என்ற சொல் நம் காதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. கணிப்பு என்றதும் படிவத்தை அச்சடித்து, ‘உங்களுக்கு எந்தப் பயிற்சி வேண்டும்?’ என்று கேட்டு, விழுந்த குறிகளை எண்ணிக் கூட்டுவதே மனத்தில் எழும். இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழையும் அதுவே. பிழைக்கே பெயர் சூட்டிவிடக் கூடாது. ‘ஆய்வு’ என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ‘திடீர் ஆய்வு’ என்று கேட்டுப் பழகிய பணியாளர் மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். ‘நாடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய இலக்கிய வழக்கில் அது ஆராய்தலைக் குறிப்பது உண்மை, எனக்கும் பிடித்த சொல். இன்றோ நீதிமன்றத்தை நாடுகிறோம், மருத்துவரை நாடுகிறோம். ‘பயிற்சித் தேவை நாடல்’ என்றால் யாரோ பயிற்சி கேட்டு அலைவதுபோல் ஆகிவிடும்.

இவையெல்லாம் சொல்லளவிலான தடைகள். என் உண்மையான தடை வேறு. அதற்கு ஒரு பரிசோதனை மையத்தில் இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

பத்து நாள் முன்பு நேர்ந்த, தொற்று வாய்ப்புள்ள தொடர்பால் அஞ்சி ஒருவர் வந்தார். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் விரைவுச் சோதனை செய்தார்கள். ‘இல்லை’ என்று வந்தது. பணியாளர் முடிவுச் சீட்டை நீட்டி, “ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போங்கள்” என்றார். எதிர்ப்பொருள் சோதனையில் தொற்று தெரியவருவதற்குத் தொடர்பு நேர்ந்த நாளிலிருந்து 23 முதல் 90 நாள் ஆகலாம் என்பதால், பத்தாம் நாள் ‘இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு யாரையும் நிம்மதியாக அனுப்ப முடியாது. மேற்பார்வையாளரும் அதைக் கவனித்து, ‘சாளரக் காலம் பற்றிப் பயிற்சி தேவை’ என்று குறித்துக்கொண்டார். (சாளரத்தில் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்பதில்லை; தொற்றியிருந்தும் சோதனையில் எதுவும் தெரியாத காலத்துக்குச் சாளரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அது வேறொரு இழைக்கு ஆகட்டும்.)

நண்பகலில் அதே பணியாளரிடம் சாளரக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். 23, 90 என்ற எண்களைத் தடங்கலின்றிச் சொன்னார். சிரையில் குருதி எடுத்து ஆய்வகத்தில் செய்யும் எதிர்ச்செனி (கிருமியின் கூறு), எதிர்ப்பொருள் கூட்டுச் சோதனைக்கு 18 முதல் 45 நாள் என்பதையும் நான் கேட்காமலே சேர்த்துச் சொன்னார். பிறகு ஏன் அப்படி அனுப்பினார்? முடிவுச் சீட்டில் இரண்டே கட்டங்கள்தாம் உண்டு: ‘உண்டு’, ‘இல்லை’. மறுபரிசோதனை நாளை எழுத அதில் இடமில்லை. தொடர்பு நேர்ந்த நாளைக் கேட்டு எழுதும் படிவம் வேறொருவர் கையில் இருக்கிறது. முடிவைச் சொல்லும் நேரத்தில் அது இவரிடம் வந்து சேர்வதில்லை. வெளியே இருக்கையில் எப்போதும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். இவருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தால் நான்காம் நாளும் அதே சீட்டைத்தான் நீட்டுவார். வேண்டியது சீட்டில் ஒரு வரி; அந்தப் படிவம் இரண்டு அறை தாண்டி வந்து சேர ஒரு வழி.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. 2010க்கு முன் பயிற்சி பெற்று அதன்பின் எதுவும் பெறாத ஒருவரை எண்ணிப் பாருங்கள். தொற்றுள்ளவர் முன்னதாகவே சிகிச்சை தொடங்கினால் இணையர்க்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் வெளிவந்த ஆய்வை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். தொற்று இல்லாதவர் அதைத் தடுக்க முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் ஒப்புதல் தந்ததும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு 2021இலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு 2025இலும் ஒப்புதல் தந்ததும் அவருக்கு எட்டியிருக்காது. இது ஐயமற்ற பயிற்சித் தேவை. ஆனால் ‘உங்களுக்கு எது தேவை?’ என்ற படிவத்தை அவரிடம் கொடுத்தால் ‘தகவல் தொடர்புத் திறன்’, ‘கணினிப் பயிற்சி’ என்று குறித்துத் தருவார். இருப்பதே தெரியாத ஒன்றை வேண்டுமென்று எப்படிக் கேட்பார்?

ஆக, கேட்டதெல்லாம் தேவையில்லை, தேவையானதெல்லாம் கேட்கப்படுவதுமில்லை. தமிழில் ‘தேவை’ என்ற சொல் விருப்பத்தையும் இன்றியமையாமையையும் ஒன்றாகவே சுமப்பதால் இந்தக் குழப்பம் நமக்கு இன்னும் கூடுதல்.

1961இல் மெக்கீ, தேயர் என்ற நூலாசிரியர் இருவர் பயிற்சித் தேவையை மூன்று நிலைகளில் பார்க்கச் சொன்னார்கள்: நிறுவனம், பணி, ஆள். பலரும் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துக்கொள்கிறார்கள். முடிவுச் சீட்டு முதல் நிலையைச் சேர்ந்தது. ஆளை மட்டும் பார்த்தால் அது அகப்படாது.

எனவே ‘பயிற்சித் தேவையறிதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இதன் முன்மாதிரி ‘நோயறிதல்’. மருத்துவர் நோயறியும்போது இன்னது என்று சொல்வதோடு நிற்பதில்லை, இன்னது அன்று என்று விலக்குவதும் அச்செயலின் பாதி. ‘இங்கே பயிற்சி மருந்தாகாது’ என்ற முடிவுக்கும் இச்சொல்லில் இடமிருக்கிறது. மதிப்பீட்டில் அந்த இடமில்லை, அங்கே ஏதோ ஓர் அளவு வந்தே தீர வேண்டும். ஆக்கங்களும் எளிது: தேவையறி கருவி, தேவையறி வினாநிரல், தேவையறி அறிக்கை.

பணியாளர் தொகுதி முழுவதையும் குறிக்க ‘பணிப்படை’ என்று வந்த முன்மொழிவுக்கு ஒரு வரி போதும். போர், சண்டை போன்ற சொற்களை எச்.ஐ.வி. தொடர்பான எழுத்தில் தவிர்க்குமாறு ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட கலைச்சொல் வழிகாட்டுதலே கேட்டுக்கொள்கிறது. நாம் புதிதாக ஒரு படையைத் திரட்ட வேண்டாம். ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களும், தொற்றோடு வாழ்ந்துகொண்டே பிறர்க்கு வழிகாட்டுவோரும் உள்ளடங்க வேண்டும் என்பதால் ‘ஊழியர்’ பொருந்தாது. ‘பணியாளர்’ போதும்.

அன்புடன்.

மறுமொழி:

அன்புள்ள நண்பருக்கு,

பயிற்சி நடத்துபவள் என்ற முறையில், சீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்கிறேன். நானும் அப்படிப்பட்ட சீட்டுகளுக்காகப் பயிற்சி நடத்தியிருக்கிறேன் என்பதைச் சற்று வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். உங்கள் சொல்லின்மேல் எனக்கு இரண்டு மறுப்புகள்.

> இதன் முன்மாதிரி ‘நோயறிதல்’.

அதுதான் என் அச்சமும். நோயறிதலில் நோயாளி ஒருவர் இருந்தாக வேண்டும். ‘பணியாளரின் பயிற்சித் தேவையறிதல்’ என்னும்போது அந்த நாற்காலியில் பணியாளரை உட்கார வைத்துவிடுகிறோம். தொற்றுள்ளவரைக் குற்றவாளிபோல் பார்க்காதீர்கள் என்று சொல்லிக்கொடுக்கிற நாம், சொல்லிக்கொடுக்கப் போகும் இடத்தில் பணியாளரைக் குறையுள்ளவராகப் பார்க்கலாமா? ‘ஆட்கொல்லி நோய்’ என்று இன்னமும் எழுதும் ஒருவரைத் திருத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறையறியப்படுகிறோம் என்று தெரிந்த நொடியிலேயே மனிதர்கள் விடைகளை அழகுபடுத்தத் தொடங்குகிறார்கள். பணியாளராகவும் சோதனைக்கு வந்தவராகவும் வேடமேற்றுப் பேசிப் பழகும் நடிப்பு உரையாடல்களை ஓரமாக இருந்து கவனிக்கும்போது இதை நான் தவறாமல் பார்க்கிறேன். தெரிந்ததையெல்லாம் மளமளவென்று ஒப்பிப்பார்கள். எதிரில் இருப்பவரை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது, ‘அறிதல்’ மிக மென்மையான சொல். முறை, சான்று, அளவு எதுவும் அதில் ஒலிக்கவில்லை. நிதி தருபவர் ‘அறிந்துகொண்டீர்கள், சரி, எண் எங்கே?’ என்று கேட்டால் கையேட்டை எழுதியவர் என்ன சொல்வார்?

அன்புடன்.

மறுமொழி:

அன்புள்ள தோழி,

இரண்டாவதற்கு முதலில். நோயறிதலிலும் முறை என்ற ஒலி இல்லை. சோதனைக்கூடமும் எண்களும் அதனோடு பழகிப் பழகிச் சேர்ந்தவை. பணியிடத்தில் நேரில் கவனித்தல், பதிவேடுகளைப் பார்த்தல், நடிப்பு உரையாடல், வினாநிரல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டையாவது சேர்த்துச் செய்வதே தேவையறிதல் என்று சொல்விளக்கத்தில் எழுதிவிட்டால் நிதி தருபவர்க்கும் எண் கிடைத்துவிடும். ஒரே ஒரு படிவத்தை மட்டும் நிரப்பி வாங்குவது தேவையறிதல் ஆகாது என்பதும் அத்துடன் தெளிவாகும்.

முதல் மறுப்பு என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நீங்கள் சொல்வது சரி. நான் சொன்ன கதையிலேயே குறை பணியாளரிடம் இல்லை, பணியில் இருந்தது. அப்படியிருக்க, ‘பணியாளரின்’ என்று தொடங்கியதே என் பிழை. ‘எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்கான பயிற்சித் தேவையறிதல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? இப்போது அந்த நாற்காலியில் பணி உட்காருகிறது. பணி என்ன கேட்கிறது, அதில் எவ்வளவு நடக்கிறது, நடக்காததற்குக் காரணம் அறியாமையா, சீட்டா, நேரமின்மையா, மனத்தடையா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகலாம். பணியாளர் அந்த விசாரணையில் சான்று சொல்பவராகிறார். நாம் ஒரு வாரமாக அடித்துக்கொண்ட ‘படை’, ‘தொகுதி’, ‘அணி’ எதுவும் தலைப்புக்கே வேண்டாமல் போய்விட்டது என்பது எதிர்பாராத இலாபம்.

இடைவெளி விட்டு எழுதுவதா என்று இன்னொருவர் தனிமடலில் கேட்டார். ‘பயிற்சித் தேவையறிதல்’ என்று வல்லினம் மிகுந்து இரு சொல்லாக எழுதலாம். ‘தேவையறிதல்’ ஒரே சொல். பிரித்தால் ‘தேவை அறிதல்’ என்று எழுவாயும் பயனிலையும்போல் தளர்ந்துவிடும்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர்க்கு: இரண்டாம் இயலின் தலைப்பையும் கடைசி இயலில் அதைச் சுட்டும் நான்கு இடங்களையும் மாற்றிக்கொள்ளுங்கள், கடைசி இயலில் ‘பயிற்சி மதிப்பீடு’ அப்படியே இருக்கட்டும். சொல்விளக்கத்தின் இறுதியில் ‘பயிற்சி தேவையில்லை என்று முடிவு செய்வதும் இதனுள் அடங்கும்’ என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். பின்னிணைப்பில் உள்ள படிவத்தின் முதல் வினா, ‘உங்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?’ என்று இருக்கிறது. மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற உங்கள் கவலை புரிகிறது; ஆசிரியரிடம் ஒப்புதல் பெற்று, ‘சென்ற வாரம் பணியில் எந்த இடத்தில் தயங்கி நின்றீர்கள்? அப்போது கையில் என்ன இல்லை?’ என்று மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.