உட்லண்ட்ஸ் நாலறை வீடு: இரண்டு குளியலறைக்கு 12,000 வெள்ளி போதுமா?

மல்லிகை:

வணக்கம். எங்கள் வீடு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் 1990இல் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு. இரண்டு குளியலறையிலும் அன்று போட்ட டைல்ஸ்தான் இன்னும். போன மாதம் பொதுக் குளியலறையில் மாமியார் வழுக்கிவிட்டார். 72 வயது. கதவு நிலை கைக்கு எட்டியதால் தப்பினார். அவர் கால் வைத்த இடத்தை 20 காசு நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். நாலு டைல் டொக் டொக்கென்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் போடுகின்றன. ஓரத்தை அழுத்தினால் இடுக்கில் தண்ணீர் துளிர்க்கிறது. அன்றிலிருந்து அவர் குளித்து முடிக்கும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.

சேர்த்து வைத்திருப்பது 12,000 வெள்ளி. இதற்காகக் கடன் வாங்க எனக்கு மனமில்லை. மூன்று பேரிடம் விலை கேட்டேன், இரண்டு அறைக்கும் சேர்த்து:

முதல் ஆள் 7,800. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவாராம், ஐந்து நாளில் முடியுமாம்.
இரண்டாமவர் 11,600. எல்லாவற்றையும் உடைத்து எடுத்துச் செய்வார். வரி தனி.
மூன்றாமவர் 15,900, வரியோடு. கண்ணாடித் தடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு.

7,800 என்றதும் கணவருக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அந்த நாலு டைல் சத்தம் காதிலேயே இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், எதில் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது?

கரணை:

அக்கா, நான் 14 வருடமாக இந்த வேலையில் மேற்பார்வை பார்க்கிறேன். முதல் விலைக்குப் போகாதீர்கள். ஒட்டும் வேலை எல்லா வீட்டிலும் தப்பு என்று சொல்ல மாட்டேன். தரை கெட்டியாக இருந்தால் செய்யலாம். உங்கள் தரை கெட்டியாக இல்லை. வெற்றுச் சத்தம் வருகிற டைலுக்கு மேல் ஒட்டினால், கீழே இருப்பது பெயரும்போது மேலே இருப்பதும் சேர்ந்து பெயரும். தரையும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். கதவு அடியில் இடிக்கும், வாசல் திட்டு தாழ்ந்து தண்ணீர் வெளியே வரும்.

முக்கியமானது இதுதான்: அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு முப்பது வருடத்துக்கு மேல் பழசு. அது விட்டுப்போய்க் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால், மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்துதான் பொறுப்பேற்க வேண்டும். அப்போது புது டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

இரண்டாமவரிடம் ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். குப்பை அகற்றும் செலவு சேர்ந்ததா? நீர்த்தடுப்பு எத்தனை பூச்சு? சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவார்? 9 விழுக்காடு வரி சேர்த்தால் அவர் விலை 12,644 ஆகிவிடும், அதை மறக்காதீர்கள். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது முடியாமல் ஒரு டைலும் ஒட்ட விடாதீர்கள். பணத்தையும் வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசி 10 விழுக்காடு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

குறைக்க வேண்டுமா? கழிப்பறைக் கோப்பையையும் வடிகாலையும் இருக்கும் இடத்திலேயே விடுங்கள். வாட்டர் ஹீட்டர் நன்றாக ஓடினால் அதையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். தரைக்குப் பெரிய டைல் வேண்டாம். சின்ன டைலில்தான் வாட்டம் சரியாக வரும், இடுக்குகள் அதிகம் என்பதால் காலுக்கும் பிடிமானம்.

தாமரைக்குளம்:

மல்லிகை, ஒப்பந்தம் போடுமுன் ஒன்று பார்த்துவிடும்மா. 1997 வரை கட்டிய வீவக வீடுகளுக்கு, அரசாங்கம் பெரும்பங்கு செலவேற்றுப் புதுப்பித்துத் தரும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் உண்டு. உங்கள் புளோக்கிற்கு வந்து, குடியிருப்பவர்கள் வாக்கெடுப்பிலும் 75 விழுக்காடு ஆதரவு கிடைத்தால், குளியலறை புதுப்பிப்பில் குடிமக்களின் பங்கு நாலறை வீட்டுக்கு 7.5 விழுக்காடுதான். விரைவில் வருவதாக இருந்தால் இப்போது 12,000 போடுவது வீண். ஆனால் எப்போது வரும் என்று தெரியாமல் மாமியாரைக் காத்திருக்க வைக்கவும் முடியாது.

65 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டில் இருப்பதால் ‘ஈஸ்’ (EASE) என்ற, மூத்தோருக்காக வீட்டைப் பாதுகாப்பாக்கும் வீவக திட்டத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். கைப்பிடி, தரை வழுக்காமல் இருக்கப் பூச்சு எல்லாம் அதில் உண்டு. எங்கள் அம்மாவுக்குச் செய்தோம்.

இரண்டு அறையையும் ஒரே நேரத்தில் உடைக்க விடாதே. நாங்கள் ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கினோம். அதற்கு ஒப்பந்தக்காரர் 400 வெள்ளி கூடக் கேட்டார், கொடுத்தோம். வயதானவரை ராத்திரியில் காப்பிக்கடைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக முடியுமா?

மல்லிகை:

கரணை தம்பி, தாமரை அக்கா, இருவருக்கும் நன்றி. நாலு வாரம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

எங்கள் புளோக்கிற்கு மேம்பாட்டுத் திட்டம் இன்னும் அறிவிக்கவில்லை. அதனால் பொதுக் குளியலறை மட்டும் இப்போது, முழுக்க உடைத்து. எங்கள் அறையில் இருப்பது காத்திருக்கும். இரண்டாமவர் ஒன்றுக்கு 6,200 சொன்னார், வரியோடு 6,758. எதிர்பாராததற்கு 1,500 ஒதுக்கினேன். உடைத்ததும் சுவருக்குள் துருப்பிடித்த குழாய் தெரிந்தது. அதில் 380 போயிற்று. மீதியை அடுத்த அறைக்கென்று வங்கியில் தொடாமல் வைத்திருக்கிறோம்.

தண்ணீர் நிறுத்திய அன்று மாமியாரே சுவரில் நீர்மட்டத்துக்கு டேப் ஒட்டினார். ராத்திரி இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் மட்டம் அப்படியே இருந்தது. கீழ்வீட்டு மலாய் அம்மாவும் தன் குளியலறைக் கூரையை எங்களுக்குத் திறந்து காட்டினார். சொட்டு ஈரமில்லை. அதன் பிறகுதான் கணவர், “நல்லவேளை, நீ பிடிவாதமாக இருந்தாய்” என்றார்.

கைப்பிடி மாட்ட அடுத்த வாரம் வருகிறார்கள். எந்த உயரத்தில் வேண்டும் என்று மாமியாரைச் சுவரோரம் நிற்க வைத்து, அவர் கை தானாகப் போய்ப் பிடிக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.