வெறுப்பு எங்கே ஒட்டிக்கொண்டது, எது கழற்றியது: இலங்கை மலையகத்தில் நாங்கள் கண்டவை

ஹட்டன் பக்கத்து ஆசிரியை

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கும் சிங்கள வித்தியாலயத்துக்கும் நடுவில் ஒரு ஓடையும் ஒரு சின்னப் பாலமும்தான். பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், ஒரே கடையில் பனிஸ் வாங்குகிறார்கள். அப்படியும் ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பிள்ளைகளிடம் முடிவான ஒரு கருத்து இருக்கிறது. அங்கேயும் எங்களைப் பற்றி அப்படித்தான் இருக்கும். ஒரு வார்த்தை பேசிப் பார்க்காமலே வந்த கருத்து இது. இரவுச் சாப்பாட்டின்போது பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வருகிறது, தேர்தல் காலத்து ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது, இப்போது கையிலிருக்கும் போனிலிருந்தும் வருகிறது.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1840இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் அரசுடையது என்றான். கண்டிக் கிராமத்தார் மாடு மேய்த்த காடும், காடு வெட்டி எரித்துச் சேனைப் பயிர் போட்ட மலையும் அப்படிப் பறிபோய்க் கோப்பித் தோட்டமாக மாறின. அதே தோட்டத்துக்கு எங்கள் பாட்டன் பூட்டன்களைத் தென்னிந்தியாவிலிருந்து நடக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நிலத்தை எடுத்தவன் பங்களாவில் இருந்தான். கிராமத்தாரின் கண்ணில் பட்டதோ லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த எங்கள் ஆட்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, எங்களில் பெரும்பாலானோர் நாடில்லாதவர்கள் ஆனார்கள். பயமும் நில ஏக்கமும் கிராமத்தில் இருந்தன. அதை வாக்காக மாற்றத் தெரிந்தவர்கள் மேலே இருந்தார்கள். இதைச் சொல்வது யாருக்கும் மன்னிப்புக் கொடுப்பதற்காக இல்லை. இந்த வெறுப்பு யாருடைய ரத்தத்திலும் பிறந்ததில்லை, ஆட்கள் சேர்ந்து உண்டாக்கியது என்பதற்காகத்தான்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். பட்ட அவமானத்தை மட்டுமல்ல. யாருடைய மனமாவது மாறியதைக் கண்டிருந்தால், எது மாற்றியது என்பதையும் எழுதுங்கள்.

ராகலைக்காரன், இப்போது கொழும்பில்

டீச்சர், சிங்களவர் பக்கத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நான் தமிழர் பக்கத்தைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் புடவைக் கடையில் வேலை கிடைத்தபோது யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் அறை எடுத்தேன். "தம்பிக்கு எந்த ஊர்?" "நுவரெலியா." "டவுனோ, தோட்டமோ?" "தோட்டம்." அந்தப் பதிலோடு வீட்டுக்கார ஐயாவின் குரல் மாறியது. வாடகையில் குறை வைக்கவில்லை, தண்ணீரும் கரண்டும் தந்தார், கதவுதான் பாதிக்கு மேல் திறக்கவில்லை. எங்களைக் குறிக்கும் அந்த 'தோட்டக்காட்டான்' என்ற சொல் உள்ளிருந்து அடிக்கடி கேட்கும். நான் காதில் விழாத மாதிரி ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அந்த வீட்டு மகள் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் வாசலில் நிற்கும்போதே அவர் தகப்பனிடம் கேட்டார்: "அப்பா, சிங்கள ஆக்கள் எங்களைத் தெமளா எண்டு சொல்லேக்க உங்களுக்குக் கோபம் வருது. நீங்கள் இவரைச் சொல்லுறது மட்டும் என்ன?" ஐயா பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்கவில்லை. அவர் மனதிலிருந்து போனதா என்று என்னால் சொல்ல முடியாது, வாயிலிருந்து போனது. அதுவே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். அங்கே ஏழெட்டு வயதில் ஒரு பேரன் இருந்தான், அவன் காதுக்கு அந்தச் சொல் வராமல் நின்றது.

நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. அவருடைய சொந்தப் பிள்ளை சொன்னது. 1948, 49 குடியுரிமைச் சட்டங்களின் காலத்திலும் தமிழ்த் தலைவர்களுக்குள்ளேயே இப்படி ஒரு பிளவு வந்தது நினைவிருக்கும். மலையக மக்களின் குடியுரிமைப் பிரச்சினையில் செல்வநாயகம் தமிழ் காங்கிரஸிலிருந்து பிரிந்து வந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தன் பக்கத்து ஆளைப் பார்த்து "இது பிழை" என்று சொல்கிறவருக்கு எப்போதும் தனி மதிப்பு.

பண்டாரவளை அக்கா

1983 ஜூலையில், தமிழர்களைத் தாக்கிய கலவரத்தின்போது, எங்கள் அம்மா, பாட்டி, இரண்டு மாமாமார் எல்லோரையும் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் குடும்பம் ஒன்று வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியது. அந்தக் கதையை அம்மா கண் கலங்காமல் சொன்னதே இல்லை. அந்த வீட்டில் கல்யாணம் என்றால் முதல் ஆளாகப் போவார்.

ஆனால் அதே அம்மா, நான் அலுவலகத்தில் ஒரு சிங்களத் தோழியோடு நெருக்கமாக இருந்தபோது, "பார்த்து இரு, அவங்களை நம்ப முடியாது" என்றார். "உங்களைக் காப்பாற்றினவங்க யாரும்மா?" என்று கேட்டால், "அவங்க வேற" என்பார். பல வருடங்கள் இதே பதில்தான். உயிரைக் காப்பாற்றிய குடும்பத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பேர் மேல் இருந்த பயத்தை அப்படியே வைத்துக்கொண்டார். லயத்தை எரித்த கூட்டத்தைக் கண்ணால் கண்டவர் அவர், அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு நல்ல மனிதரைச் சந்தித்தால் போதும், மனம் மாறிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. "அவங்க வேற" என்று சொல்லத் தெரிந்தால் நூறு பேரைச் சந்தித்தாலும் கருத்து அசையாது.

அம்மாவிடம் மாற்றம் வந்தது கடைசிக் காலத்தில், டயாலிசிஸ் வார்டில். அங்கே சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று எல்லா வீட்டு அம்மாமாரும் ஒரே மெஷினுக்குக் காத்திருந்தார்கள். மருந்து இல்லாத நாளில் எல்லோரும் சேர்ந்துதான் டாக்டரிடம் சண்டை போட்டார்கள். "நம்ம வார்டு ஆளுங்க" என்று அம்மா பேசத் தொடங்கினார். அந்த 'நம்ம'வுக்குள் எல்லோரும் இருந்தார்கள்.

புசல்லாவ கொழுந்துக்காரி மகள்

அக்கா சொன்ன வார்டு எனக்கு எங்கள் மடுவத்தை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையை, நினைவுபடுத்தியது.

எங்கள் தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை. கொஞ்ச காலமாகப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்களும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க வருகிறார்கள். முதலில் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. "நம்ம பேரைக் குறைக்க வந்திருக்காங்க" என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். பேர் என்றால் எங்கள் நாள் வேலைக் கணக்கு. அவர்களோ லயத்துத் தண்ணீரைக் குடிக்கமாட்டார்கள், சாப்பாட்டு நேரத்தில் வேறு கல்லில் போய் உட்காருவார்கள்.

2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று அரசின் வர்த்தமானி அறிவிப்பு வந்தது. உடனே எங்கள் தோட்டத்தில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். ஈரம், சாக்கு, தண்டு என்று தராசில் வெட்டும் கிலோவும் கூடியது. கிராமத்துப் பெண்களுக்குக் கிலோக் கணக்கில்தான் காசு, ஆகவே அவர்களுக்கும் அதே அடி. ஒரு மாலை நிறுக்கும்போது அம்மாவின் கொழுந்தில் நான்கு கிலோ வெட்டினார்கள். பின்னால் நின்ற கிராமத்து அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு, சிங்களத்தில் கணக்குப்பிள்ளையைப் பிடிபிடியென்று பிடித்தார். அம்மாவுக்காக மட்டுமில்லை, அடுத்தது தன் கூடை. அன்றைக்கு யாரும் கொழுந்தைக் கொட்டவில்லை. எங்கள் ஆட்களில் பேச்சு வராதவர்களுக்காக அவர் பேசினார். தொழிற்சங்கத்துக்குப் போன் எடுக்கத் தெரிந்த எங்கள் ஆட்கள் அதைச் செய்தார்கள். அடுத்த வாரம் வெட்டு இரண்டு கிலோவாகக் குறைந்தது.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் உட்காருகிறார்கள். பொல் சம்பலும் ரொட்டியும் கை மாறுகிறது. "இன வேற்றுமை ஒழிப்போம்" என்று யாரும் வந்து கூட்டம் போடவில்லை.

பேராதனை மாணவன்

மேலே நீங்கள் எழுதியதைச் சமூக உளவியலில் ஆராய்ந்திருக்கிறார்கள். கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்கர் 1954இல் சொன்னது இது: வேறு வேறு கூட்டத்தார் பழகினால் வெறுப்புக் குறையும், ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், போட்டியில்லாமல் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களும் அதை ஆதரிக்க வேண்டும். தோட்டமும் கிராமமும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் பழக்கம் ஏன் பலன் தரவில்லை என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. கடைக்காரராக, கந்தோர் அலுவலராக, கூலியாகத்தான் சந்தித்தோம். மடுவத்தில்தான் சமமாக நின்றார்கள். அங்கே மேலிடத்து ஆதரவு துளியும் இல்லை, அப்படியும் நடந்தது. அது எனக்கு இன்னும் நம்பிக்கை தருகிறது.

இன்னொன்று. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களுக்கு இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, பிடித்த ஓவியரைப் பொறுத்து இரண்டு கூட்டமாகப் பிரிப்பதாகச் சொன்னார். உண்மையில் குலுக்கல் முறையில்தான் பிரித்தார். முன்பகை எதுவும் இல்லை. அப்படியும் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது தங்கள் கூட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சிலர் தங்கள் கூட்டத்துக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவனுக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்றே பிரித்தார்கள். வெறும் படத்துக்கே இப்படியென்றால், மொழி வாரியாகப் பாடசாலையைப் பிரித்து, வரலாற்றையும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்?

திகன பக்கத்திலிருந்து

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் எங்கள் ஊரில் முஸ்லிம் கடைகளையும் வீடுகளையும் எரித்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு கிழக்கே அம்பாறையில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி அடிதடி நடந்தது. சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாவுக் கட்டி. அதற்குள் கதை மலையேறி எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது, தமிழில். எங்கள் ஆட்களும் அனுப்பினார்கள். "நமக்கென்ன, அவனுக்கும் இவனுக்கும் சண்டை" என்றும் சிலர் சொன்னார்கள். எண்பத்து மூன்றில் எரிந்த லயத்தில் பிறந்தவர்களே அப்படிச் சொன்னார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்தக் குழுவில் எங்கள் கோயில் தலைவர் மாமா ஒரே ஒரு குரல் செய்தி போட்டார்: "கண்ணால கண்டவன் யாருன்னு பேரைச் சொல்லுங்க. சொல்ல முடியாட்டி அழிச்சிடுங்க." யாராலும் பேர் சொல்ல முடியவில்லை. பிறகு ஊரடங்கு, அவசரகாலச் சட்டம், பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் தடை. இந்த வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்காக 2020இல் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. மாமா அதற்காக இரண்டு வருடம் காத்திருக்கவில்லை.

ராகலைக்காரன், இப்போது கொழும்பில்

ஒன்று சேர்க்க வேண்டும். லயத்துக்குள்ளேயே சாதி பார்த்து இன்னும் பொண்ணு கொடுக்காத வீடுகள் இருக்கின்றன. என் சொந்த ஊரிலேயே இருக்கின்றன. அதையும் இந்தப் பட்டியலில் எழுதாவிட்டால் நாம் கேட்பது நியாயமில்லை.

ஹட்டன் பக்கத்து ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. மடுவத்துக் கதையைப் படித்த பிறகு என் யோசனை மாறியது. இரண்டு பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்து நட்புறவு விழா, நடனம், பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். விழாவில் பிள்ளைகள் தனித்தனியாக மேடையேறி, தனித்தனியாக வீடு போய்விடுவார்கள். ஓடையில் மழைக்காலத்துக்குப் பாலம் மூழ்குவது இரண்டு பக்கத்துக்கும் தொல்லை. அதைப் பற்றிப் பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதுவதை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துச் செய்யலாம் என்று அந்தப் பக்கத்து அதிபரிடம் பேசியிருக்கிறேன். மழையளவு குறிப்பது, எத்தனை பிள்ளைகள் வராமல் நிற்கிறார்கள் என்று கணக்கெடுப்பது, இரண்டு மொழியிலும் எழுதுவது, எல்லாம் கலந்த குழுக்களாக. அவர் சம்மதித்துவிட்டார், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிதான் பாக்கி. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவர் சனிக்கிழமை காலைகளில் வரமுடியும் என்றால் இங்கே எழுதுங்கள். பஸ் காசு நாங்கள் கொடுப்போம், மதியச் சாப்பாடு என் வீட்டில்.