ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்: குண்டு எறிதலும் பழனி நடையும் – பழகியவர்கள் பகிர்வது

திருச்சி, தடகளப் பயிற்சியாளர்

ரிட்டயர்டு ஆசிரியர்கள் மைதானத்துக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வயசுக்கு எத்தனை கிலோ?" மூத்தோர் தடகளத்தில் ஆண்களுக்கு 50 முதல் 59 வரை 6 கிலோ குண்டு, 60 முதல் 69 வரை 5, 70 முதல் 79 வரை 4, 80க்கு மேல் 3. பெண்களுக்கு 50 முதல் 74 வரை 3 கிலோ, அதன் பிறகு 2. அறுபதுகளில் இருக்கும் ஆணுக்கு வட்டு 1 கிலோ, ஈட்டி 600 கிராம். இந்த இரண்டும் மகளிர் போட்டிக்கான எடைதான். 5 கிலோ குண்டு 18 வயதுக்குட்பட்ட பையன்கள் எறிவது. அதனால் புதிதாக வாங்க ஓட வேண்டாம். வேலை பார்த்த பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில் கேட்டுப் பாருங்கள். எண் அழிந்த பழைய குண்டாக இருந்தால் கடைத் தராசில் நிறுத்துவிட்டு எறியுங்கள். 4 கிலோவையும் 5 கிலோவையும் கை சரியாகச் சொல்லாது.

தவறு நடக்கும் இடம் இது: கல்லூரி நாளில் 7.26 கிலோ எறிந்த பி.டி. சாருக்கு 5 கிலோ விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். கால், இடுப்பு எதையும் சேர்க்காமல் தோளால் மட்டும் தள்ளுவார். முழங்கை கீழே இறங்கும், குண்டு கழுத்தை விட்டு விலகித் தோளுக்குப் பின்னால் போகும். விதிப்படி அது ஃபவுல். அதைவிடக் கவலை, பந்து வீசுவதுபோல் ஆகித் தோள்பட்டைத் தசைநார் கிழியும். அந்த வயதில் ஆற மாதக்கணக்காகும். முதல் நான்கு வாரம் நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள், எறியும் வட்டத்தின் பின்பக்கத்திலிருந்து சறுக்கி வந்து எறிவது அப்புறம். ஒரு நாளைக்கு 15 முதல் 20 எறி, வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாள் ஓய்வு. குண்டு உள்ளங்கையில் உட்காரக் கூடாது, விரல்களின் அடிப்பகுதியில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. எறிந்ததும் குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்கும் ஆவலில் அப்படியே முன்பக்கமாக நடந்து வந்துவிடுவார்கள். வட்டத்தின் பின்பாதி வழியாக வெளியேறாவிட்டால் நல்ல எறியும் கணக்கில் வராது.

வயதுப் பிரிவு ஐந்தைந்து ஆண்டாக, 35இல் தொடங்குகிறது. போட்டியின் முதல் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. நம்மவர்களில் நிறையப் பேருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய தேதி வேறு, பிறந்த தேதி வேறு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆதார், பாஸ்போர்ட் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று வெளிநாட்டுப் போட்டிக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள்.

மாத்திரையையும் பாருங்கள் ஐயா. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சிறுநீர் பெருக்கி மாத்திரையும் இன்சுலினும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவக் காரணத்துக்கான விலக்கு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டுப் போட்டிக்கு வருவது வேண்டவே வேண்டாம்.

திண்டுக்கல், பாதயாத்திரைக் குழு உதவியாளர்

மேலே சொன்ன அதே ஆட்கள்தான் தைப்பூசத்துக்கு மாலை போட்டு எங்கள் பக்கம் வருகிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். விளையாட்டு வீரர் என்பதால் ஒரே மூச்சில் போகலாம் என்று நினைப்பார்கள். மூச்சு தாங்கும், பாதம் தாங்காது.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் என்றால் ஆறு வாரம் முன்பே மண்தரையில் 15 நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வழியில் அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். தார் கொதித்த பிறகு நடந்தால் கொப்புளம் நிச்சயம். சின்னக் கொப்புளத்தை உடைக்காதீர்கள், மேலே சுத்தமான துணி வைத்துக் கட்டினால் போதும். ஊசி நூலைக் கோத்து நூலை உள்ளேயே விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நூல் வழியாகத்தான் அழுக்கு உள்ளே போய்ச் சீழ் பிடிக்கிறது.

சர்க்கரை உள்ளவர் புறப்படும் முன் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரை ஒரு பஞ்சால் கால்விரல் நுனிகளைத் தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியாவிட்டால் வெறுங்கால் நடை கிடையாது. செருப்பு போட்டு வருகிறவரை முருகன் கைவிட மாட்டார். அன்னதானம் நேரத்துக்குக் கிடைக்கும் என்று நம்பி மாத்திரை போடுவது இன்னொரு ஆபத்து. சர்க்கரை இறங்கி வியர்த்துக் கை நடுங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, சரியாகாவிட்டால் மறுபடி.

முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்ற கால் என்பதை மறக்காதீர்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டியிருக்கிற டீச்சர்கள் ஏராளம். அழுத்தக் காலுறை போடுவதாக இருந்தால் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். வீக்கம் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு.

இருட்டில் வண்டி வரும் திசையைப் பார்த்து, சாலையின் வலது ஓரமாக நடங்கள். முதுகுப்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம்.

மதுரை, டிக்கெட் முன்பதிவு செய்து கொடுப்பவர்

போட்டிக்கோ கோயிலுக்கோ குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒன்று. ரயிலில் கீழ் பெர்த் ஒதுக்கீடு 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும் உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான். மகன், மருமகள், பேரன் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் தாத்தாவுக்கு அந்த ஒதுக்கீடு கிடைக்காது. தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி. பேரனுக்கு 5 வயது முடிந்து 12 ஆகவில்லை என்றால், பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், காலை 8 மணிக்கு உட்காருங்கள்.

திண்டுக்கல், பாதயாத்திரைக் குழு உதவியாளர்

பழனி மலை ஏறுவதைப் பற்றியும் ஒன்று. நடந்து வந்த களைப்போடு நேரே படியேறாமல் சரிவு குறைந்த யானைப்பாதையில் போகலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் பெரும்பாலும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். முழங்கால் மூட்டுக்கு அதிகச் சிரமம் தருவது இறக்கம். ஏறும்போது நடந்துவிட்டு இறங்க இழுவை ரயிலான விஞ்ச்சில் வாருங்கள். ரோப் கார் காற்று பலமாக இருந்தால் நின்றுவிடும், மாதம் ஒருநாள் பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். அதை மட்டும் நம்பிப் பாட்டியை அழைத்து வராதீர்கள்.