லோஜ்பானில் எதிர்மறைக் கேள்விக்கு ‘நா கோஹி’ என்று விடை சொன்னால் என்ன பொருள்?

கேள்வி:
வணக்கம். லோஜ்பான் என்னும் செயற்கை மொழியைப் படிக்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. ‘ஹூ’ சேர்த்தால் ஆம்–இல்லை கேள்வி கிடைக்கும், ‘கோஹி’ என்பது முந்தைய வாக்கியத்தையே மீண்டும் கூறுவதால் ‘ஆம்’ ஆகும், ‘நா கோஹி’ என்பது ‘இல்லை’ ஆகும் என்பது வரை புரிகிறது. கேள்விக்குள்ளேயே எதிர்மறை இருந்தால்தான் தடுமாறுகிறேன். ‘ஹூ டோ நா க்லாமா லெ ஸார்ஷி’, அதாவது ‘நீ சந்தைக்குப் போகவில்லையா?’ என்று கேட்டவருக்கு ‘நா கோஹி’ என்று விடை சொன்னேன். தருக்கத்தின் மேல் கட்டிய மொழியாயிற்றே, இரண்டு ‘நா’வும் ஒன்றையொன்று நீக்கிப் ‘போகிறேன்’ என்றாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவரோ நான் போகவில்லை என்றே எடுத்துக்கொண்டார். யார் செய்தது பிழை?

மறுமொழி 1:
பிழை உங்களுடையதுதான், ஆனால் விழாதவர் குறைவான குழி அது. ‘கோஹி’க்கு முன் வரும் ‘நா’ பழைய ‘நா’வின் மேல் ஏறி உட்காருவதில்லை, அதை எழுப்பிவிட்டு அதே இருக்கையில் உட்காருகிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு வெறும் ‘கோஹி’ என்றாலும் ‘போகவில்லை’, ‘நா கோஹி’ என்றாலும் ‘போகவில்லை’. போவதாகச் சொல்ல விரும்பினால் ‘ஜாஹா கோஹி’ என்க வேண்டும். உடன்பாட்டைக் குறிக்கும் ‘ஜாஹா’ அந்த இருக்கையைப் பிடித்ததும் எதிர்மறை வெளியேறிவிடும். 1997இல் வெளியான ஜான் கோவனின் இலக்கண நூலில் இந்த மரபு விளக்கப்பட்டுள்ளது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ‘கோஹி’ சொற்களை அல்ல, அவை சுட்டும் ஆட்களையே திருப்பிக் கொண்டுவருகிறது, கேள்வியில் ‘டோ’ (நீ) என்று குறிக்கப்பட்டவர் நீங்கள் என்பதால், விடையிலும் சந்தைக்குப் போகாதவர் நீங்களே.

மறுமொழி 2:
தமிழர்களுக்கு ‘கோஹி’ அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று வினையையே திருப்பிச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. சிக்கலும் நமக்குப் பழக்கமானதுதான்: ‘நீ வரவில்லையா?’ என்பதற்கு ‘ஆமாம், வரவில்லை’ என்பாரும் உண்டு, ‘இல்லை, வரவில்லை’ என்பாரும் உண்டு. பின்னால் வரும் வினையே பொருளைத் தெளிவாக்குகிறது. லோஜ்பானின் ‘கோஹி’யும் ‘நா கோஹி’யும் இவ்விரண்டைப் போல ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கண்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எனக்கு இதைவிடச் சுவையானது ‘நாஹெ கோஹி’. ‘நா’ முழு வாக்கியத்தையும் பொய் என்கிறது, அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. ‘நீ சந்தைக்குப் போகிறாயா?’ என்பதற்கு ‘நாஹெ கோஹி’ என்றால், ‘நாஹெ’ வினையை மட்டும் தொட்டு, ‘போவது அல்ல, எனக்கும் சந்தைக்கும் வேறு ஏதோ ஒரு தொடர்பு உண்டு’ என்கிறது. நன்னூல் கூறும் எண்வகை விடைகளில் ‘ஆடுவாயா?’ என்பதற்குப் ‘பாடுவேன்’ என்பது இனமொழி விடை. ‘நாஹெ’ அதன் பக்கத்து வீட்டுக்காரர் எனலாம், அந்த ‘வேறு’ எது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார் என்பதே வேறுபாடு.

மறுமொழி 3:
‘நாஹி’யை விட்டுவிட்டீர்கள். ஒருநாளும் புகைக்காதவரிடம் ‘புகைப்பதை விட்டுவிட்டாயா?’ என்று கேட்டால், ‘கோஹி’ என்றால் முன்பு புகைத்தவர் ஆகிறார், ‘நா கோஹி’ என்றாலோ இன்னும் புகைப்பவர் என்றே கேட்டவர் எண்ணிக்கொள்வார். ‘நாஹி’ என்று மட்டும் சொன்னால், விடை தரும் அளவுக்குக் கேள்வியே சரியாக அமையவில்லை என்று பொருள்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் அன்று நான் ‘ஜாஹா கோஹி’ என்றிருக்க வேண்டும். அவர் சந்தையில் எனக்காகக் காத்திராமல் கிளம்பிப் போனதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.