உதவி: ஆறாவது புத்தகத்தில் இடம் தொலைந்துவிட்டது, ஒலிப்புத்தகம் கேட்பவர்கள் யாராவது வாருங்கள்

பகாவ்_லோரி:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகாவ் பக்கம் தோட்டத்துச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் மில்லில் சேர்த்துவிடப் பார்ப்பார்கள், கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். ஆனால் மில் வாசலில் எடைமேடைக்கு நிற்கும் வரிசைக்கு அந்த அவசரமெல்லாம் தெரியாது, சீசனில் மூன்று மணி நேரம்கூட நிற்போம். கோலாலம்பூரில் படிக்கும் மகள்தான், சும்மா வீடியோ பார்த்து டேட்டாவைக் கரைக்காதீர்கள் என்று 'வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில ஃபேண்டஸி கதைத் தொடரின் முதல் புத்தகத்தை ஒலிப்புத்தகமாகப் போட்டுக் கொடுத்தாள். எனக்கு ஆங்கிலம் படிப்பது மெதுவாகத்தான் வரும், கேட்டால் புரியும். அப்படியே பிடித்துக்கொண்டது. இப்போது ஆறாவது புத்தகத்தில் இருக்கிறேன், அது மட்டுமே 40 மணி நேரத்துக்கு மேல்.

செவ்வாய் இரவு வீட்டில் டேப்லெட்டில் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். மறுநாள் தோட்டத்துக்குள் லைன் கிடைக்காது, கைப்பேசியில் டவுன்லோட் செய்து வைத்திருந்ததில் முந்தின சாயங்காலம் விட்ட இடத்திலிருந்தே ஓடியது. ராத்திரி கேட்டதில் கொஞ்சம் திரும்ப வந்தது, பரவாயில்லை என்று கேட்டேன். மத்தியானம் டவுனுக்கு வந்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஆப் ஏதோ கேட்டது. பருப்புக் கறி கையோடு 'சரி' என்று அமுக்கிவிட்டேன். அவ்வளவுதான். எங்கேயோ போய் நிற்கிறது. யார் யாரோ பேசுகிறார்கள், எந்த ஊர் என்றே தெரியவில்லை. பயந்து நிறுத்திவிட்டேன்.

சரி, இணையத்தில் கதைச்சுருக்கம் தேடலாம் என்றால் பெயர்களை எப்படி எழுதுவது? நான் கேட்டவன், பார்த்தவன் இல்லை. 'ஸ்வான்' என்று ஓர் அம்மா வருகிறார், கூகுளில் எஸ், டபிள்யூ, ஏ, என் என்று தட்டினால் அன்னப்பறவை வருகிறது. 'ம்வாரேன்' என்று தட்டினால் ஒன்றுமே வரவில்லை.

இன்னொன்று, ஒரே பெயரை ஆண் குரல் ஒரு மாதிரியும் பெண் குரல் வேறு மாதிரியும் சொல்கிறது. ஒருவரை நான்காவது புத்தகம் வரை இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் காது கெட்டுவிட்டதா, ஆப் கெட்டுவிட்டதா?

காதுப்புழு:

அண்ணே, இரண்டு கருவியிலும் எதையும் ஓட்டாதீர்கள். ஓட்ட ஓட்டப் பழைய இடம் இன்னும் அழியும்.

நடந்தது இதுதான். நீங்கள் தூங்கிய பிறகும் டேப்லெட் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் வைஃபை இருப்பதால் 'இவர் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்' என்று சர்வருக்கும் சொல்லிவிட்டது. கைப்பேசி தோட்டத்துக்குள் லைன் இல்லாமல் தன் பாட்டுக்கு ஓடியது. டவுனுக்கு வந்ததும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால் 'வேறு கருவியில் இதைவிட முன்னே போயிருக்கிறீர்கள், அங்கே போகவா?' என்று கேட்டிருக்கும். நீங்கள்தான் போ என்று சொல்லிவிட்டீர்கள், ஆப் கெட்டுப்போகவில்லை.

டேப்லெட்டை எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், எத்தனை மணிக்கு நின்றது, காலையில் லோரியில் எவ்வளவு நேரம் கேட்டீர்கள், வேகம் என்ன, இந்த நான்கும் சொல்லுங்கள். எப்போது தூங்கினீர்கள் என்பது தேவையில்லை.

பகாவ்_லோரி:

இரவு பத்துக்கு ஆரம்பித்தேன். விடியற்காலை ஐந்துக்கு வீட்டுக்காரம்மா எழுந்து, யாரோ வெள்ளைக்காரன் பேசிக்கொண்டே இருக்கிறான் என்று திட்டிக்கொண்டே அணைத்தாள். லோரியில் மூன்று மணி நேரம் கேட்டிருப்பேன். வேகம் ஒன்றேகால்.

காதுப்புழு:

அப்படியென்றால் கணக்கு சுலபம். இரண்டும் ஒரே இடத்தில் ஆரம்பித்தன. டேப்லெட் ஏழு மணி நேரம் ஓடியது, கைப்பேசி மூன்று. நான்கு மணி நேரம் அதிகம், ஒன்றேகால் வேகத்தில் அது ஐந்து மணி நேரக் கதை. இப்போது நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மணி நேரம் பின்னால் போங்கள். விரலால் கோட்டை இழுக்காதீர்கள், 40 மணி நேரப் புத்தகத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அரை மணி நேரம் போய்விடும். அத்தியாயப் பட்டியலைத் திறந்து அதில் தாண்டுங்கள்.

பால்மரம்_தாத்தா:

தம்பி, நான் ஃபேண்டஸியெல்லாம் கேட்பதில்லை, பேரன் காட்டினான் என்று இதைப் படிக்கிறேன். உங்கள் சங்கடம் எங்களுக்குப் பழக்கமானதுதான். தோட்டத்து லயத்தில் இருந்தபோது ரேடியோ 6இல் தொடர் நாடகம் போடுவார்கள் (இப்போது மின்னல் எஃப்எம் என்கிறார்களே அதேதான்), மழை பெய்து ஒரு வாரம் சரியாகக் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டில் போய்த்தான் கதை கேட்க வேண்டும். பத்திரிகைத் தொடர்கதையில் அந்தத் தொல்லை இல்லை, மேலேயே 'முன்கதைச் சுருக்கம்' போட்டிருப்பார்கள். கல்கியில் 1950இலிருந்து 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னை எங்கள் அப்பா வாரா வாரம் கிழித்துத் தைத்து வைத்திருந்தார், நடுவில் இரண்டு இதழ் காணாமல் போயும் எங்களுக்குக் கதை அறுந்ததில்லை.

உங்கள் ஒலிப்புத்தகத்தில் யார் முன்கதைச் சுருக்கம் தருகிறார்கள்? யாரும் இல்லை. நீங்களே எழுதுங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகம் ஒன்று வாங்கி லோரியில் போட்டுவையுங்கள். ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு வரி, யார் எங்கே இருக்கிறார், யாரோடு சண்டை. பெயரைக் காதில் விழுந்தபடி தமிழிலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழை என்று யாரும் பிரம்பைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

கூலிம்_டீச்சர்:

தாத்தா சொன்னது முற்றிலும் சரி, தமிழில் எழுதுவதுதான் நல்லது. கேட்ட ஓசை அப்படியே நிற்கும். ஆங்கில எழுத்து இந்த ஆசிரியரிடம் உதவாது. உங்கள் 'ஸ்வான்' அம்மா எழுத்தில் எஸ், ஐ, யூ, ஏ, என். 'ம்வாரேன்' என்பது எம், ஓ, ஐ, ஆர், ஏ, ஐ, என், ஈ. 'நைநீவ்' இன்னும் மோசம், என், ஒய், என், ஏ, ஈ, வி, ஈ. படித்தவர்களுக்கும் இதே கஷ்டம்தான், தலைகீழாக. நான் அச்சில் படித்தவள், பல வருஷம் அந்தப் பெண்ணை 'நைனேவே' என்றே மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அச்சுப் புத்தகத்தின் கடைசியில் ஒரு சொல்லகராதி உண்டு, பெயரும் எப்படி உச்சரிப்பது என்பதும் போட்டிருக்கும். மகளிடம் சொல்லி அந்தப் பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆறாவது புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் மட்டும், அதற்குப் பிந்தியவை வேண்டாம்.

கூகுளில் பெயரைத் தட்டாதீர்கள். பாதி தட்டும்போதே 'சாவு', 'கல்யாணம்', 'துரோகம்' என்று கீழே நீட்டிவிடும். அத்தியாயத் தலைப்பை வைத்துத் தேடுங்கள், ஒவ்வொரு அத்தியாயம் ஆரம்பிக்கும்போதும் தலைப்பை வாசிப்பார்களே, அதைத்தான். எண்ணை நம்ப வேண்டாம். ஆப் தொடக்க அறிவிப்பையும் முகப்புக் கதையையும் சேர்த்து எண்ணும், அதில் 14 என்றால் புத்தகத்தில் 12ஆக இருக்கலாம். அந்த இரண்டு அத்தியாயத்தில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் வயிற்றெரிச்சல்தான்.

கிள்ளான்காரன்:

நைநீவ்வைப் பற்றிச் சொன்னீர்கள், ஏழாவது புத்தகத்தில் அவளுக்கு

(மீதியை அழித்துவிட்டேன், மன்னிக்கவும்)

காதுப்புழு:

தலைப்பிலேயே ஆறாவது புத்தகம் என்று போட்டிருக்கிறார் அண்ணே.

பகாவ்_லோரி:

நல்லவேளை, நான் பார்ப்பதற்குள் அழித்துவிட்டார்.

காதுப்புழு தம்பி, ஐந்து மணி நேரம் பின்னால் போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே கேட்ட இடம். நன்றாக நினைவிருக்கிறது, ரயில்வே கேட்டில் நின்றபோது கேட்டது, இதற்கு அப்புறமும் நிறையக் கேட்டிருக்கிறேன். கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

காதுப்புழு:

டேப்லெட்டிலும் வேகம் ஒன்றேகால்தானா?

பகாவ்_லோரி:

பார்த்தேன். இல்லை. அதில் சாதாரண வேகம்.

காதுப்புழு:

அதுதான். வேகம் கருவிக்குக் கருவி தனியாக இருக்கும், இதை நானும் மறந்துவிட்டேன். டேப்லெட் ஏழு மணி நேரத்தில் ஏழு மணி நேரக் கதைதான் வாசித்தது. கைப்பேசி மூன்று மணி நேரத்தில் மூன்றே முக்கால். வித்தியாசம் மூன்றேகால். ஐந்து போனவர் ஒன்றே முக்கால் மணி நேரம் அதிகமாகப் பின்னால் போய்விட்டீர்கள், அவ்வளவு தூரம் முன்னே வாருங்கள்.

இனிமேல் இப்படி ஆகி, நேரக் கணக்கும் தெரியாவிட்டால், பாதி பாதியாகப் பிரியுங்கள். பட்டியலின் நடுவில் ஓர் அத்தியாயத்தைத் தொட்டு ஒரு நிமிஷம் கேளுங்கள். கேட்டதென்றால் அதற்கு முன்னால் உள்ள பாதியை விட்டுவிடலாம். ஐம்பது சொச்சம் அத்தியாயமென்றாலும் ஆறு தடவையில் பிடித்துவிடலாம். ஒரே தொல்லை, தெரியாத பக்கத்தைத் தொட்டுவிட்டால் கதை கொஞ்சம் காதில் விழும். அதற்கு இந்தத் தொடரில் ஒரு வசதி இருக்கிறது. ஆணின் பார்வையில் போகும் பகுதியை ஆணும் பெண்ணின் பார்வையில் போவதைப் பெண்ணும் வாசிக்கிறார்கள், அதனால் முதல் வாக்கியத்திலேயே யார் பக்கத்துக் கதை என்று பாதி தெரிந்துவிடும், ரொம்ப நேரம் கேட்க வேண்டாம்.

கூலிம்_டீச்சர்:

அச்சுப் புத்தகத்தில் அதற்குப் படமே உண்டு. அத்தியாயத்தின் தலையில் ஒரு சின்னம் போட்டிருக்கும், ஓநாய் என்றால் பெரின், தாயக்கட்டை என்றால் மேட். கேட்பவர்களுக்கு அது கிடைக்காமல் போனது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் உச்சரிப்புச் சந்தேகத்துக்கு வருகிறேன். காதும் கெடவில்லை, ஆப்பும் கெடவில்லை. மைக்கேல் கிரேமர், கேட் ரீடிங் என்ற அந்த இருவரும் ஆரம்பப் புத்தகங்களில் சில பெயர்களை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். நிஜத்தில் அவர்கள் கணவன் மனைவி! சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை பேசி வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், 14 புத்தகத்தையும் இந்த இருவரேதான் வாசித்திருக்கிறார்கள். முதல் புத்தகம் வந்தது 1990. எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்துவிட்டார், அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றை எழுதி 2013இல் முடித்தார். எழுதிய கை மாறியும் வாசித்த குரல் மாறவில்லை. நீளமான தொடர் கேட்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, நடுவில் குரல் மாறிய வேறு தொடரில் மாட்டியவர்களைக் கேளுங்கள். புதுக் குரல் பழகுவதற்குள் பழைய ஆட்கள் எல்லாரும் அந்நியர்களாகிவிடுவார்கள்.

பகாவ்_லோரி:

கிடைத்துவிட்டது! ஒன்றே முக்கால் முன்னே வந்தேன், இரண்டு நிமிஷம்தான் தள்ளி இருந்தது. அந்த இரண்டு நிமிஷம் மில்லில் காவல்காரரோடு பேசியதாக இருக்கும்.

டேப்லெட்டில் வேகத்தை மாற்றிவிட்டேன். 'அத்தியாயம் முடிந்ததும் நிறுத்து' என்று டைமரில் இருந்தது, அதையும் போட்டுவிட்டேன், இனி தூங்கினாலும் ஓர் அத்தியாயத்தோடு போகும். தோட்டத்துக்குள் போவதற்கு முன் கைப்பேசியை ஒரு தடவை திறந்து இடம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். கறிக் கையோடு எதையும் அமுக்கமாட்டேன்.

555 புத்தகமும் வாங்கியாகிவிட்டது. பக்கத்து லோரிக்காரர் எட்டிப் பார்த்து, யாருக்கு இவ்வளவு கடன் பாக்கி என்கிறார். ஸ்வான், ம்வாரேன், எக்வேன் என்று வரிசையாக இருந்தால் பாவம் அவருக்கு எப்படித் தெரியும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவும் முதல் புத்தகம் கேட்கிறேன் என்கிறாள். தேடினால் அதே புத்தகம் இரண்டு இருக்கிறது, ஒன்றில் வேறு ஒரு பெண் குரல். எதைப் போடுவது? மறுபடி பணம் கட்ட வேண்டுமா?

கூலிம்_டீச்சர்:

அந்தப் பெண் ரோசமண்ட் பைக், 2021இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் ம்வாரேனாக நடித்தவர். புதிதாக வாசித்திருக்கிறார். நன்றாகவே இருக்கிறது, பழையது சுமார் 30 மணி நேரம், இது கிட்டத்தட்ட 33. ஆனால் ஆப்புக்கு இரண்டும் வேறு வேறு புத்தகம். தனியாகத்தான் வாங்க வேண்டும், ஒன்றில் விட்ட இடம் மற்றொன்றுக்குப் போகாது. உங்களிடம் இருப்பதையே அக்காவும் கேட்கலாம், உங்களுக்கு முதல் புத்தகம் முடிந்துவிட்டது, இடம் கலையுமே என்ற பயம் இல்லை.

காதுப்புழு:

ஆனால் அக்கா வேகமாகக் கேட்டு உங்களைப் பிடித்துவிட்டால் ஒரே கணக்கில் இரண்டு பேரின் இடமும் மறுபடி கலங்கும். அப்போது தனிக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பகாவ்_லோரி:

அவள் பிடித்துவிடுவாள் தம்பி. ஐந்து மணிக்கு எழுபவள். நாளைக்கே மகளிடம் தனிக் கணக்கு கேட்கிறேன்.